2871-ஆம் வரி

மார்கழி 1, திங்கள்

இந்த டைரியின் முதல் பக்கம் பெயர், விலாசம், ரத்த வகை எல்லாம் கேட்கிறது. மட்டுவார்குழலி, வயது ஐம்பத்திரண்டு, உறையூர், திருச்சி. ரத்த வகை தெரியாது. கோதண்டபாணி சமையல் காண்ட்ராக்ட் ஆபீசில் இருபத்தைந்து வருடமாக மேனேஜர். கல்யாணமோ காதுகுத்தோ, எத்தனை இலை என்று சொன்னால் எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு துவரம்பருப்பு, எத்தனை தேங்காய் என்று பட்டியல் போட்டுத் தர எங்களிடம் ஒரு புரோகிராம் இருக்கிறது. அதை எழுதியவள் நான். பெயர் அட்சயம். பெயர் வைத்தபோது எனக்கு இருபத்தேழு வயது, திமிர் இருந்தது.

மார்கழியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் லோசனிக்கு யோசனைகள் வர ஆரம்பித்துவிட்டன.

லோசனி முதலாளியின் ஒரே மகள். முதலாளி முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருக்கிறார். ஆடியிலிருந்து எல்லாவற்றையும் இவள்தான் பார்க்கிறாள். ஸ்கூல் யூனிபார்மில் வந்து என் மேஜைமேல் உட்கார்ந்து மாங்காய் தின்ற பெண்ணை இப்போது நீ என்பதா, நீங்க என்பதா? முடிவு செய்ய முடியாமல் ஐந்து மாதமாக "சாப்பிட்டாச்சா", "பாத்தாச்சா" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"குழலிக்கா, அட்சயத்தை எழுதின ஃபாக்ஸ்புரோ மொழியை இப்ப யாருமே தொடறதில்லையாம். பைத்தான்ல மாத்திட்டா போன்லயே பாத்துக்கலாம்."

"நல்லாத்தானே ஓடுது."

"அந்தக் கம்ப்யூட்டர் பொசுக்குனு போயிடுச்சுன்னா? தை மாசம் முப்பத்தோரு கல்யாணம் இருக்கு. மாத்தலாமா வேணாமான்னு நீங்களே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. மார்கழி முடியறதுக்குள்ள. நீங்க எழுதறதுதான் முடிவு."

ஒருவர்மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கக் கூடாது. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மார்கழி 2, செவ்வாய்

பழைய புரோகிராமைப் படித்துப் பார்க்க ஆள் வந்தாயிற்று. பெயர் பெனிட்டா, பாலக்கரை, முப்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, டிராபிக் பிடிக்காமல் ஊருக்கு வந்துவிட்டாளாம். அதிகம் பேசவில்லை. அட்சயம் குடியிருக்கும் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தாள். இருபது ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் அதன் காற்றுத் துளைகளை அடைத்திருந்தன.

"இது மூச்சு விடுதாக்கா?"

"வெள்ளிக்கிழமை கொஞ்சம் திணறும்."

நான் காபி சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லா ஃபைலையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். காபி வந்தபோது கிளம்பியே விட்டாள். இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

மார்கழி 3, புதன்

காஸ் சிலிண்டர் வந்தது. மாற்ற வேண்டாம் என்றே எழுதலாம் என்று தோன்றுகிறது. எல்லாம் தொழில்நுட்பக் காரணங்கள்தான்.

மார்கழி 4, வியாழன்

ஆபீசுக்கு அரை மணி முன்னால் போய், கதவைச் சாத்திக்கொண்டு, 2871-ஆம் வரியை அழித்தேன். மனது லேசாகிவிட்டது. கூட்டிப் பெருக்கினேன். காலண்டரில் தேதி கிழித்தேன். சாமி படத்துக்குப் பூப் போட்டேன். பூப் போடும்போதுதான் பென் டிரைவ் ஞாபகம் வந்தது.

என் வரி பாலக்கரையில் இருக்கிறது.

மார்கழி 5, வெள்ளி

பதினொரு மணிக்கு பெனிட்டா போன்.

"அக்கா, 214-ஆம் வரி. புதுக்கோட்டைன்னு ஊர் போட்டா அப்பளம் ரெண்டு மடங்கு ஆகுது. ஏன்?"

"புதுக்கோட்டைக்காரங்க வந்திருக்காங்களா கல்யாணத்துக்கு, நீ பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"பாத்திருந்தா கேக்க மாட்ட."

வரிசையாகப் படிக்கிறாள். நல்லது. 214 போக இன்னும் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரி இருக்கிறது. நான் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் படிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவாள். அவசரம் ஒன்றும் இல்லை.

அந்த வரியில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மார்கழி 6, சனி

எழுதிவிடுகிறேன். டைரிக்குமா பயப்படுவது?

பதினேழு வருடம் முன்பு, ஆவணி மாதம், லோசனிக்குக் கல்யாணம். முதலாளி வீட்டுக் கல்யாணம் என்பதால் ஊரே வந்தது. மூன்றாம் பந்தியில் சோறு தீர்ந்துபோனது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடும் வீட்டில் இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்து, நாற்பது நிமிடம் ஜனங்களை உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பழி தலைமைச் சமையல்காரர் அய்யாக்கண்ணு அண்ணன்மேல் விழுந்தது. அளவு தெரியாமல் உலை வைத்துவிட்டார் என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே ஆயிரம் இலைக்கு மேலன்னா அய்யாக்கண்ணு வேணாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரிய கல்யாணம் வந்தால் வெளியூர் ஆள்தான். அண்ணன் பின்கட்டில் நின்று காய் நறுக்குகிறவர்களைப் பார்த்துக்கொள்வார்.

உண்மையில் நடந்தது இது. ஏகாதசி அன்று விசேஷம் வந்தால் பாதிப் பேர் விரதம், அரிசியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம் என்று அட்சயத்தில் ஒரு விதி வைத்திருந்தேன். ஏகாதசித் தேதிகளை வருடா வருடம் பஞ்சாங்கம் பார்த்து நான்தான் ஏற்றுவேன். எங்கள் பக்கம் வாக்கியப் பஞ்சாங்கம். அந்த வருடம் மட்டும் திருக்கணிதம் வாங்கினேன். இரண்டுக்கும் சில மாதம் ஒரு நாள் முன்பின் ஆகும். அதன்படி கல்யாணத்தன்று ஏகாதசி, அட்சயம் அரிசியைக் குறைத்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்து வாக்கியக்காரர்கள். அவர்களுக்கு முந்தின நாளே ஏகாதசி. முழு நாள் பட்டினி கிடந்துவிட்டு நேராகக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.

திருக்கணிதம் வாங்கியதற்கு ஜோதிடக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் கடையில் அதற்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் இலவசமாகக் கொடுத்தார்கள்.

மறுநாளே விதியைத் திருத்தினேன். புரோகிராமில் நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, படிக்கிற மனிதருக்கு மட்டும்தான் அது. அப்படி ஒரு வரி எழுதினேன், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "அய்யாக்கண்ணு அண்ணன் தப்பு இல்லை. பஞ்சாங்கம் மாற்றினது நான்." யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம். எங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது.

மார்கழி 9, செவ்வாய்

790-ஆம் வரி.

"அக்கா, 'கொஞ்சம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஆமான்னு போட்டா மொத்தத்தையும் ஒன்றரையால பெருக்குது."

"மாப்பிள்ளை வீட்டுல 'நாங்க கொஞ்சம் பேர்தான் வருவோம்'னு சொன்னா அதுல ஆமான்னு போடணும்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம். எழுதிக்கொள்கிறாள் போலிருக்கிறது.

மார்கழி 10, புதன்

1204-ஆம் வரி. பீடா ஏன் ஆளுக்கு இரண்டரை என்று கேட்டாள். ஒன்று வாய்க்கு, ஒன்று கைக்கு, பாதி பேரப்பிள்ளைக்கு என்றேன். வேகம் கூடிவிட்டது. வீட்டுக்காரர் அதிரசம் கேட்டார் என்று மாவு வாங்கினேன். செய்ததில் பாதியை பெனிட்டாவுக்குக் கொடுத்தனுப்பினேன். வாய் நிறைய அதிரசம் இருந்தால் கண் மெதுவாக ஓடும் என்று நம்புகிறேன்.

மார்கழி 11, வியாழன்

அதிரசம் பலிக்கவில்லை. இன்று 1630.

அதோடு ஒரு தாளும் அனுப்பியிருக்கிறாள். மாற்றுவதென்றால் பழைய விதி ஒவ்வொன்றையும் எழுதி, எதிரே "எதற்காக" என்று நிரப்ப வேண்டுமாம். காரணம் இல்லாத விதி புதியதில் ஏறாது என்று அடியில் குறிப்பு. நூற்றுப் பன்னிரண்டு விதி இருக்கிறது. மண்டபத்தில் ஏசி இருந்தால் மோர் குறையும், ஐஸ்கிரீம் உண்டென்றால் பாயசம் கால் பங்கு குறையும், பெண்ணின் பெரியப்பா சமையல்கட்டுக்கு வந்து ருசி பார்ப்பவர் என்றால் முந்திரி கால் கிலோ கூடும். ஜாலியாக நிரப்பிக்கொண்டே வந்தேன்.

நூற்று எட்டாவதில் பேனா நின்றது. "ஆயிரம் இலைக்கு மேல் என்றால் அய்யாக்கண்ணு பெயர் வரக் கூடாது." முதலாளி சொன்னார், நான் டைப் அடித்தேன். இந்தக் கையால்தான்.

எதற்காக?

கட்டத்தை விட்டுவிட்டு நூற்று ஒன்பதுக்குப் போனேன். அது வாழைக்காய் பற்றியது.

மார்கழி 12, வெள்ளி

அய்யாக்கண்ணு அண்ணன் ஆபீசுக்கு வந்தார். வேலையில்லாத மாதம் என்பதால் கோடவுனில் பித்தளை அண்டாக்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்தான் மேற்பார்வை. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயது ஆளுக்குத் துளிக்கூடத் தொப்பை கிடையாது. சமையல்காரருக்கு அது நல்ல விளம்பரம் இல்லை என்று பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"தை ஏழு, ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாணம் வந்திருக்காமே. ஆயிரத்தி ஐநூறு இலை."

"ஆமாண்ணே."

"எனக்கு உண்டா?"

"மெஷின்ல பேரு வரலேண்ணே."

"புது மெஷினு மாத்தறாங்களாமே. அதுல வருமான்னு பாரும்மா. அடுத்த வருஷம் நின்னுக்கலாம்னு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு பெருசா செஞ்சுட்டு நிக்கணும்."

பார்க்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். புது மெஷின்மேல் அவருக்கு ஆசை. ஊரில் வேறு யாருக்கும் இந்த ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

மார்கழி 14, ஞாயிறு

லீவு. தலைக்குக் குளித்தேன். பெனிட்டா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், படிக்க மாட்டாள் என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் போன் செய்தாள். 2390.

மார்கழி 15, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம், சுத்தமான எழுத்து நடை.

"அட்சயம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செவ்வனே இயங்கி வருகிறது. உள்ளூர் வழக்கங்களைப் புதிய தளத்துக்குப் பெயர்ப்பதில் நுட்பமான இடர்கள் உள்ளன. பணியாளர் பழக்கத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். எனவே தற்போதைக்கு மாற்றம் வேண்டாம் எனப் பரிந்துரைக்கிறேன்."

திரும்பப் படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மார்கழி 16, செவ்வாய்

லோசனி படித்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பெனிட்டாகிட்ட நிறுத்தச் சொல்லிடறேன்." பிறகு போனைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆயிரத்தி ஐநூறு இலைக்கு மதுரைக்காரரைப் பேசிடுங்க" என்றாள்.

"அய்யாக்கண்ணு அண்ணன் கேட்டார்."

"வேணாங்க்கா. எங்க மாமியார் எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாலும் வீட்டுக்குள்ள நுழையறப்பவே, 'அங்க சோறு இருந்துச்சு'ம்பாங்க. பதினேழு வருஷமா. சாப்பாடு எப்படின்னு கேட்டா யாராவது சோறு இருந்துச்சுன்னு சொல்லுவாங்களா? எனக்குன்னு சொல்றது அது. அண்ணன் நல்லவர்தான். ஆனா இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நான் தொழிலையே விட்டுடுவேன்."

பெனிட்டா 2640-இல் நின்றுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை.

மார்கழி 17, புதன்

கத்தரிக்காய் நன்றாகத்தான் இருந்தது.

மதுரைக்காரரைப் பேசியாகிவிட்டது என்று அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். ஈயம் பூசிய அண்டாவை உள்ளே தலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுக்காமலே பேசினார்.

"பரவால்லம்மா. அன்னிக்கு என் தப்புதானே. மூட்டையை எண்ணாம உலை வெச்சேன். இன்னிக்கும் அரிசி களையறப்ப ரெண்டு தடவை எண்ணிடுவேன். வீட்டுக்குப் பொங்கறப்பவும். எம்பொண்டாட்டி சிரிப்பா."

அண்டாவுக்குள்ளிருந்து குரல் பெரிதாகக் கேட்டது.

மார்கழி 6-இல் ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் எண்ணினார். விடிகாலையில் கோடவுனுக்கு வந்து, "அரிசி கொஞ்சமா தெரியுதேம்மா" என்று என்னிடம் கேட்டார். நான் பட்டுப்புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். "மெஷின் கணக்குண்ணே, சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவர் அதையும் மறந்துவிட்டார். எண்ணவில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். நான்தான் மறக்கவில்லை.

மார்கழி 18, வியாழன்

பிரிண்டர் ரிப்பன் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னுமா ஓட்டறீங்க" என்றார். என்னையா, பிரிண்டரையா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மார்கழி 20, சனி

கம்ப்யூட்டர் இரண்டு தடவை தானாக அணைந்தது. சந்தனத்தைக் குச்சியால் குத்தி எடுத்தேன். மாற்றத்தான் வேண்டும். ஒரு குழந்தைக்கும் தெரியும். தை மாதத்தில் இது படுத்தால் முப்பத்தோரு வீட்டில் இலை போட்டுக் காத்திருப்பார்கள், அதற்கும் யாராவது ஒரு சமையல்காரர் தலையைக் குனிவார்.

மார்கழி 23, செவ்வாய்

வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன் ஒரு வாரமா பழைய பித்தளை டம்ளர்ல காபி குடுக்கற? அந்த எவர்சில்வர் டம்ளர் என்ன ஆச்சு?" பரணில் போட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்றார். அதற்குக் காரணம் இல்லை என்றேன்.

மார்கழி 26, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஊர் முழுக்க ஸ்ரீரங்கம் போகிறது. நான் கோடவுனுக்குப் போனேன். அண்ணனும் விரதம். ஈயம் பூசுகிறவர்கள் வரவில்லை. தனியாக உட்கார்ந்து கரண்டிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. பஞ்சாங்கம், ஏகாதசி, அரிசி, எல்லாம். அவர் கரண்டி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் கேட்டேனா? அரிசி கொஞ்சமா தெரியுதேன்னு?"

"கேட்டீங்கண்ணே."

"நீ என்ன சொன்ன?"

"மெஷின் கணக்கு சரியா இருக்கும்னேன்."

"பஞ்சாங்கத்தை ஏம்மா மாத்துன?"

"டம்ளர் குடுத்தாங்க."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் என்னையே பார்த்தார். இந்த ஆள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். குரல் உயரவில்லை, முகம் மட்டும் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் சமைக்கலம்மா. சம்பந்தி வீட்டுல வேணாம்னுட்டாங்க, கேள்விப்பட்டுட்டு. வெளியாளை வெச்சு சமைச்சோம். நான் பந்தியில உக்காந்து சாப்பிட்டேன், விருந்தாளியாட்டம்."

இது எனக்குத் தெரியாது. அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பாடு சுமார் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"போம்மா."

வந்துவிட்டேன். அழுகை வந்தது. நடுத்தெருவில் அழுதேன். சொர்க்கவாசலுக்குப் போகிற கூட்டம், பக்தியில் அழுகிறேன் என்று வழி விட்டது.

மார்கழி 27, சனி

நூற்று எட்டாவது கட்டத்தை நிரப்பினேன். "எதற்காக: நான் பஞ்சாங்கத்தை மாற்றி வாங்கி, அரிசியைக் குறைத்து, கேட்டவரிடம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, பழியை அவர்மேல் விழ விட்டதால். இந்த விதியைப் புதியதில் ஏற்ற வேண்டாம். பழையதிலும் இன்று எடுத்துவிட்டேன்." கூடவே புதிதாக ஒரு பக்கம்: மாற்ற வேண்டும், ஆடி மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மார்கழி 15-இல் நான் எழுதியது பொய்.

லோசனி நின்றுகொண்டே படித்தாள். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள்.

"ஏகாதசியா?"

"ஆமாங்க."

நீங்க என்பது தானாக வந்துவிட்டது. வேலை போகப் போகிற நேரத்தில் மரியாதை சுலபமாக வருகிறது.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, மேஜையைத் தட்டினாள். "பதினேழு வருஷம்க்கா. ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு தீபாவளிக்கும். அங்க சோறு இருந்துச்சு, அங்க சோறு இருந்துச்சு. அண்ணனைப் பாத்தாலே எனக்கு எரியும். அவரு வணக்கம் சொன்னாக்கூடத் திரும்பிப்பேன். பாவி."

பாவி என்றது என்னைத்தான். வாங்கிக்கொண்டேன்.

வெளியே போனாள், வந்தாள், தண்ணீர் குடித்தாள். கடைசியில் தண்டனை சொன்னாள். வேலையை விட்டு அனுப்ப மாட்டாளாம், நூற்றுப் பன்னிரண்டு விதிக்கும் காரணம் தெரிந்த ஆள் வேறு இல்லையாம். ஆனால் கம்பெனி லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து, அவள் மாமியாருக்கு நான் கடிதம் எழுத வேண்டும்.

எழுதினேன். "அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் இல்லத் திருமணத்தில் மூன்றாம் பந்தியில் ஏற்பட்ட தாமதத்துக்குப் பெண் வீட்டாரோ, சமையல்காரரோ பொறுப்பல்ல. கீழே கையெழுத்திட்டிருக்கும் நானும் ஒரு பஞ்சாங்கமும் மட்டுமே பொறுப்பு." லோசனி வாங்கிப் பார்த்துவிட்டு, ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்யச் சொன்னாள்.

மதுரைக்காரரிடம் அவளே பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோடவுனுக்கும் அவளே போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது அவள் மூக்கு சிவந்திருந்தது.

மார்கழி 28, ஞாயிறு

பெனிட்டாவுக்கு போன் செய்து, மறுபடி ஆரம்பிக்கலாம், 2871-இல் ஒரு வரி வரும், பயப்படாதே என்றேன்.

"அதுவாக்கா? அதை முதல் நாளே படிச்சுட்டேன்."

"நீ வரிசையாத்தானே படிச்ச?"

"யார் எழுதின புரோகிராமா இருந்தாலும் முதல்ல நட்சத்திரம் போட்ட வரியையெல்லாம் தனியா எடுத்துப் படிச்சுடுவேன். உள்ள என்னென்ன வம்பு இருக்குன்னு அதுலயே தெரிஞ்சுடும். அதுக்கப்புறம்தான் வரிசையா."

"லோசனிகிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எழுதின வரி. நான் எப்படிக்கா சொல்றது? அதான் 'எதற்காக'ன்னு ஒரு கட்டம் போட்டு அனுப்பிச்சேன். நான் சாதாரணமா அதெல்லாம் போடறதில்ல." பிறகு, "தினமும் எத்தனையாவது வரின்னு சொல்லிக்கிட்டே வந்தேனே, அதுவும் உங்களுக்காகத்தான். அதிரசம் நல்லா இருந்துச்சு" என்றாள்.

பாலக்கரையில் இப்படி ஒரு ஆள் இருப்பது ஊருக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

மார்கழி 29, திங்கள்

போகி. பழைய பேப்பர்களைக் கொளுத்தினோம். அண்ணன் இன்னும் பேசவில்லை. கோடவுனிலிருந்து ஆபீசுக்கு டீ வருகிறது, எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

தை 4, வெள்ளி

இன்றும் சர்க்கரை இல்லை. நான் கேட்கவும் இல்லை.

தை 7, திங்கள்

ஸ்ரீரங்கம் கல்யாணம். ஆயிரத்து ஐநூறு இலை. அட்சயம் போட்ட பட்டியலை அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். அவர் வாங்கி, இரண்டு தடவை எண்ணி, பேனா கேட்டு அரிசியில் இருபது கிலோ கூட்டி எழுதி அனுப்பினார். சரி என்று எழுதித் திருப்பினேன்.

காலையிலிருந்து மண்டபத்தில்தான் இருந்தேன். பந்தி பந்தியாக ஆட்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பந்திக்கும் சமையல்கட்டுக்குப் போய் சோற்று அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆறாவது பந்திதான் கடைசி. பரிமாறுகிற ஆள் வந்து, "மாஸ்டர் உங்களை இதுல உக்காரச் சொன்னாரு" என்றான். உட்கார்ந்தேன். கறி, கூட்டு, பச்சடி எல்லாம் வைத்தார்கள். சோற்று வாளியை அண்ணனே தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் கரி. என் இலை முன் நின்று ஒரு கரண்டி போட்டார். இரண்டாவது போட்டார். நான் கையைக் காட்டினேன்.

"கையை எடும்மா. வருஷத்துக்கு ஒரு கரண்டி."

பதினேழு நாளைக்குப் பிறகு... இல்லை, சரியாகப் பத்து நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. மூன்று, நான்கு, ஐந்து. வாய்விட்டு எண்ணினார். எட்டாவதில் சோறு கூட்டை மூடியது. பக்கத்து இலைக்காரர்கள் என்னைப் பெருந்தீனிக்காரி என்று நினைத்திருப்பார்கள். பத்தாவதில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பதினேழு எண்ணி முடித்த பிறகுதான் கரண்டியை வைத்தார்.

"வாளியில இன்னும் இருக்கு, பாத்துக்க" என்றார்.

"பாத்துட்டேண்ணே."

"நீ இன்னும் கை வெக்கலல்ல?"

"இல்லண்ணே."

வாளியை நகர்த்திவிட்டு என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். என் இலையிலிருந்த சோற்றில் ஏறக்குறையப் பாதியைக் கரண்டியால் அள்ளித் தன் இலையில் போட்டுக்கொண்டார்.

"ஒம்போது வருஷம் உன்னுது. எட்டு என்னுது. ஒரு தடவை கேட்டவன் ரெண்டாவது தடவையும் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவனைப் பார்த்து, "சாம்பார் கொண்டாப்பா, மேனேஜரம்மாவுக்கு நெறைய ஊத்து" என்றார்.